மூச்சுக்குழாயில் சிக்கிய பொருளை எடுக்கும் கருவிகள்

புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்ட கடலை, எலும்புத் துண்டு, ஊக்கு போன்றவற்றை மார்பைக் கீறாமல் வாய்வழியே எடுக்க உதவும் குழாய்கள், இடுக்கிகள், கம்பிக்கூடைகள் முதலியன. வலப்பக்க மூச்சுக்கிளை சற்று அகலமாகவும் நேராகவும் இறங்குவதால், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் பொருள் போய்ச் சிக்கும்.

1897-இல் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், 63 வயது விவசாயி ஒருவரின் வலது மூச்சுக்கிளையிலிருந்து பன்றி எலும்பை எடுத்தார். இத்துறை தொடங்கியது அன்றுதான். உணவுக்குழாயைப் பார்ப்பதற்கென்று செய்த நேரான உலோகக் குழாயையே அவர் உள்ளே செலுத்தினார். தொண்டை மரத்துப்போகக் கொகேய்ன் தடவினார்.

கருவியைக் கலையாக வளர்த்தவர் அமெரிக்கரான செவாலியர் ஜாக்சன் (1865–1958). குழாயின் உள்முனையிலேயே சிறு மின்விளக்கைப் பொருத்தியதால் இருட்டு விலகியது. ஆனாலும் அவருடைய பெரிய பங்களிப்பு பிடிக்கும் முறையில்தான் இருக்கிறது. கூர்முனை மேல்நோக்கித் திறந்து கிடக்கும் ஊக்கை அப்படியே இழுத்தால் அது சுவரைக் கிழித்துவிடும். ஆகவே முனையைக் குழாயின் வாய்க்குள் மறைத்துக்கொண்டோ, ஊக்கை உள்ளேயே மூடிவிட்டோதான் எடுக்க வேண்டும். இதற்கென்றே தனிக்கருவிகள் செய்தார். சிக்கியதைப் போன்ற இன்னொரு பொருளை ரப்பர் குழாயில் வைத்துப் பழகிய பிறகே நோயாளியிடம் போவார். அவர் எடுத்துச் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. பொறுமையையே மருத்துவமாக்கிய மனிதர் என்று அவரைத் தயங்காமல் சொல்லலாம்.

ஊக்கைவிடப் பொல்லாதது நிலக்கடலை. அழுத்திப் பிடித்தால் நொறுங்கித் துகள்கள் கிளைகளுக்குள் சிதறும்; அதன் எண்ணெய் சளிச்சவ்வைப் புண்ணாக்கி வீங்கவைக்கும். மெல்லப் பற்றும் கடலை இடுக்கி பிறந்தது இதனால்தான். தமனியில் உறைந்த இரத்தக்கட்டியை எடுக்க 1963-இல் தாமஸ் ஃபோகார்ட்டி அறிமுகப்படுத்திய பலூன் குழாயும் இங்கே கைகொடுத்தது: பொருளைத் தாண்டிச் செலுத்தி, பலூனை ஊதி, பின்னுக்கு இழுப்பார்கள்.

1960-களில் ஜப்பானின் ஷிகெடோ இகெடா வளையும் கண்ணாடியிழைக் குழாயைக் கொண்டுவந்தார். நேர்க்குழாய் எட்டாத சிறு கிளைகளும் அதற்கு எட்டின. பின்னர் வந்த உறைமுனை, ஈரமுள்ள பொருளை உறையவைத்துத் தன்னோடு ஒட்டவைத்து இழுக்கும். காய்ந்த உலோகத்திடம் அது அவ்வளவாகப் பலிக்காது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இன்றும் நேர்க்குழாய்தான். அதன் பக்கத்துளை வழியே மயக்க மருத்துவர் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித்தண்டு நோக்கியால் படமும் தெளிவாகத் தெரியும். பெரிய பொருள் குழாய்க்குள் நுழையாது என்பதால் குழாய், இடுக்கி, பொருள் மூன்றையும் சேர்த்தே வெளியே எடுக்கிறார்கள். ஆபத்தான கட்டம் குரல்வளையைக் கடப்பதுதான். அங்கே பொருள் நழுவி மூச்சை முழுவதும் அடைத்துவிட்டால், உடனே எடுக்க முடியாத நிலையில் அதை மறுபடி ஒரு பக்க மூச்சுக்கிளைக்குள் தள்ளிவிடுகிறார்கள். மற்ற நுரையீரலாவது மூச்சுவிடும்.