குளிப்பாட்டியும் நாய் மேல நாத்தம் போகலையா? முதல்ல இந்த 5 இடங்களைப் பாருங்க!

"நேத்துதான் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன், இன்னைக்கே நாத்தம் அடிக்குதே!" மழைக்காலத்தில் நாய் வளர்க்கும் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. உடனே இன்னொரு குளியல், மேலே கொஞ்சம் பவுடர் என்று இறங்கிவிடுகிறோம். ஆனால் நாற்றத்தை மறைப்பதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். சில நேரம் அது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

1. ரோமம்

நாயின் உடம்பில் பாக்டீரியாவும் ஈஸ்ட் எனும் பூஞ்சையும் இயல்பாகவே இருக்கும். ரோமம் நனைந்தால் அவற்றின் வாடை ஈரத்தோடு சேர்ந்து காற்றில் பரவும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்களுக்கு மேல் ரோமம் காய்ந்தாலும் அடி ரோமம் ஈரமாக இருக்கும். டவலால் துடைத்து, ஃபேன் காற்றில் அடிவரை காயவைங்க.

2. காது

தலையை அடிக்கடி உதறுதா? காதுக்குள் பழுப்பு அழுக்கும் புளிச்ச வாடையும் இருக்கா? தொற்றாக இருக்கலாம். காக்கர் ஸ்பேனியல் மாதிரி தொங்கும் காது உள்ள நாய்களுக்கு இது அதிகம். பட்ஸை உள்ளே விடாதீங்க.

3. வாய்

பல்லில் காரை படிந்து ஈறு சிவந்தால் வாய் நாறும். நாய்களுக்கான பேஸ்ட்டில் மட்டும் பல் தேய்த்துவிடுங்க. நாம் பயன்படுத்தும் சில பேஸ்ட்டுகளில் உள்ள சைலிட்டால் நாய்க்கு விஷம். மூச்சில் மூத்திர வாடை வந்தால் சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

4. தோல் மடிப்பு, விரல் இடுக்கு

பக் நாயின் முக மடிப்பிலும், எல்லா நாய்களின் கால்விரல் இடுக்கிலும் ஈரம் தங்கும். வாக்கிங் முடிந்ததும் துடைத்து உலர்த்துங்க.

5. வாலுக்குக் கீழே

திடீரென மீன் கவிச்சி மாதிரி வாடை, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து நகர்வது... ஆசனவாயின் இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகள் அடைத்திருக்கலாம். நீங்களே அழுத்திப் பார்க்காதீங்க, டாக்டரிடம் காட்டுங்க.

எத்தனை நாளைக்கு ஒரு குளியல்?

ஆரோக்கியமான நாய்க்குப் பொதுவாக 3 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய் அரிப்பு வரும். சொறியச் சொறியப் புண்ணாகி, நாற்றம் இன்னும் கூடும். நம் தோலும் நாயின் தோலும் ஒன்றல்ல, அதனால் நம்ம ஷாம்பு வேண்டாம். தினமும் சீவிவிடுங்க. அது படுக்கும் துணியை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் போடுங்க. பாதி நாற்றம் அந்தத் துணியில்தான் இருக்கும்!

இதை மட்டும் செய்யாதீங்க

உண்ணிக்காகக் கற்பூரம் கலந்த எண்ணெய் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. நாய் அதை நக்கினால் வலிப்புவரை போகலாம். சென்ட் அடிப்பதும் வேண்டாம். அதன் மூக்குக்கு அது தொல்லை. டாக்டருக்குத் தெரிய வேண்டிய வாடையையும் அது மறைத்துவிடும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

குளித்து நன்றாகக் காய்ந்த 2 நாளுக்குள் மீண்டும் நாற்றம் வந்தாலோ, ரோமம் கொட்டினாலோ, புண் தெரிந்தாலோ, சாப்பாட்டைக் குறைத்தாலோ தாமதிக்காதீங்க. அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலேயே காட்டலாம். எங்கே வலிக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. அந்த வாடையை வைத்து நாமதான் புரிஞ்சுக்கணும்.