ஈடும் நாணயமும்: மலாயாவில் புதுக்கோட்டை நகரத்தாரும் சீன நில முதலீட்டாளரும்

அந்நிய தேசத்தில் நிலத்திலும் கட்டடத்திலும் முதலிடும் சீன வணிகரோடு, கடல் கடந்து வந்த ஒருவர் எவ்விதம் நீடித்த தொழிலுறவை அமைத்துக்கொள்ள இயலும் என்ற வினா இக்காலத்தில் எழுந்ததொன்றைப் போலப் பேசப்படினும், ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, விராச்சிலை, மேலைச்சிவபுரி முதலிய புதுக்கோட்டைச் சீமையின் ஊர்களிலிருந்து கப்பலேறிய நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அன்றாட ஜீவனப் பிரச்னையாக இருந்தது. அடமானமாகப் பெற்ற நிலப் பத்திரமே அவ்வுறவுக்கு ஆதாரம் என்பது பொதுவாக நிலவும் அபிப்பிராயம். எனக்கு அது உடன்பாடன்று. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வராதிருந்த வரையில்தான் அந்த உறவு செழித்திருந்தது. நிலம் கைக்கு வந்த இடங்களிலெல்லாம் உறவு முறிந்துவிட்டதென்றே கொள்ளவேண்டும்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பிய வங்கிகளின் கதவு சீனருள் பெருஞ்செல்வர்க்கன்றி எளிதில் திறந்ததில்லை. அவர்களோடும்கூட அவ்வங்கிகள் கம்ப்ரதோர் எனப்பட்ட சீன இடையாளரின் ஜாமீனைக் கொண்டே பழகின. சார்ட்டர்டு வங்கி, மெர்க்கண்டைல் வங்கி போன்ற ஸ்தாபனங்களிடம் தம் நாணயத்தின் பேரில் கடன் பெற முடிந்த நகரத்தார், அத்தொகையோடு தம் சொந்த முதலையும் ஊரார் வைத்த மேற்பணத்தையும் சேர்த்து, கடைவீடு கட்டுவோர்க்கும், ஈயச் சுரங்கம் தோண்டுவோர்க்கும், ரப்பர்த் தோட்டம் வாங்குவோர்க்கும் கொடுத்தனர். வங்கியின் அளவுகோலுக்குள் அடங்காத நடுத்தரச் சீன முதலீட்டாளரே அவர்களுடைய முக்கிய வாடிக்கையாளர்.

சிங்கப்பூரில் தமிழர் செட்டித் தெரு என்று வழங்கிய மார்க்கெட் தெருவிலும், பினாங்கில் பினாங்குத் தெருவிலும் இருந்த கிட்டங்கிகள் எனப்பட்ட கூட்டுத் தொழிற்கூடங்களை மனக்கண்முன் கொண்டுவந்தாலொழிய இத்தொழிலின் இயல்பு விளங்காது. நீண்ட கூடம், இருபுறமும் வரிசையாக ஒவ்வொரு மார்க்காவுக்கும் (தொழில் நிறுவனத்தின் பெயர்க்குறிக்கும்) உரிய இரும்புப் பெட்டகமும் மரப்பெட்டியும், பெட்டியின் முன் பாய்மேல் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் மேலாள், அருகே கணக்கெழுதும் அடுத்தாள், ஏவலுக்குப் பெட்டியடிப் பையன். பேச்சு சந்தை மலாயில், புரோநோட்டில் கையெழுத்து சீன எழுத்தில், பேரேடு தமிழில். வாசலில் நுழையும் தவுக்கே எனப்பட்ட சீன முதலாளி எந்தப் பெட்டியை நோக்கிப் போகிறார் என்பதைக் கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் தவணை தவறியவரின் செய்தி அன்று மாலைக்குள் மற்றப் பெட்டிகளுக்கும் எட்டிவிடும். இந்தப் பகிரங்கத் தன்மையே, நீதிமன்றத்தைக் காட்டிலும் உறுதியான காவலாக இருந்ததென்பது என் துணிபு.

மேலாள் மூன்றாண்டுத் தவணைக்கு வந்தவர். முதலாளி ஊரில் இருக்க, அவருடைய அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு தொழில் நடத்தியவர். சம்பளத்தோடு இலாபத்திலும் பங்கு பெற்றவர். தவணை முடிந்து அவர் ஊர் திரும்புமுன், அடுத்து வருபவரிடம் ஐந்தொகையை மட்டும் ஒப்படைத்ததாக எண்ணிவிடலாகாது. எந்தத் தவுக்கே சொன்ன நாளில் கொண்டுவருவார், எவருக்கு ஈயத்தின் விலை ஏறும்வரை பொறுக்கவேண்டும், எவருக்கு வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு அசலைப் புதுப்பித்துக் கொடுக்கலாம் என்ற அறிவும் ஆளிலிருந்து ஆளுக்குக் கைமாறியது. மனிதர் மாறினும் மார்க்கா மாறாததால், தந்தையிடம் பழகிய விலாசத்தையே மகனும் தேடி வர இயன்றது. சீனப் புத்தாண்டுக்கு முன் கடன்களைத் தீர்த்துவிடுவது சீனர் சம்பிரதாயம். அதை அறிந்து தவணை வைப்பது மேலாளின் சாமர்த்தியம். பினாங்கில் தைப்பூச விழாவின்போது நகரத்தார் கோயிலின் வெள்ளி ரதத்துக்கு முன் சீனர்கள் இன்றும் தேங்காய் உடைப்பதைக் காண்போர், அவ்விரு சமூகத்தாரும் பெட்டியடியில் மட்டுமே சந்தித்தவரல்லர் என்பதை உணர்வர்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும், அது நியாயமானதே. பர்மாவில் கீழ்ப்பகுதியின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த நகரத்தாரான செட்டியார்களின் நில உடைமை 1937இல் 25 சதவீதமாக உயர்ந்ததே, அவர்கள் நிலத்தை நாடியே கடன் கொடுத்தனர் என்பதற்குச் சாட்சியன்றோ? மலாயாவிலும் மலாய்க் குடியானவர் நிலம் பிறர் கைக்குப் போகாதிருக்க 1913இல் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றவும், 1933இல் அதை இறுக்கவும் நேர்ந்ததன்றோ? குடியானவர் பட்ட துயரத்தை மறுப்பது ஆய்வாளனுக்கு அழகன்று. ஆயினும் அந்த ஏழாண்டுகள் விலைகள் வீழ்ந்த காலம் என்பதைக் கருதவேண்டும். வங்கிகளுக்கு ரொக்கமாகத் திருப்பித் தரவேண்டிய நகரத்தாருக்கு, விற்க இயலாத வயலும் வாடகை வராத கடைவீடும் பெருஞ்சுமையாயின. 1932இல் ரப்பர் விலை அடிமட்டத்தைத் தொட்டபோது, சீனர் ஈடு வைத்த தோட்டங்கள் கைக்கு வந்ததோடு, புதுக்கடன் கேட்டு வருவோரும் அருகினர். கடன் கொடுத்தவர் தோட்ட முதலாளியாக மாறியது விருப்பத்தால் அன்று.

ஜப்பானியர் ஆட்சியில் (1942–1945) நிலப் பத்திரத்தை ஈடாக நம்பியதன் மறுபக்கம் வெளிப்பட்டது. மதிப்பிழந்துகொண்டிருந்த, வாழைமர நோட்டுகள் எனப்பட்ட ஜப்பானிய நாணயத்தைக் கொண்டு பழைய டாலர்க் கடன்கள் பல தீர்க்கப்பட்டன. கிராண்டு எனப்பட்ட நில உரிமைப் பத்திரங்கள் ஈட்டிலிருந்து மீண்டன. பத்திரம் பெட்டகத்தில் இருந்தும் அது காக்கவில்லை. 1948இல் மலாயக் கூட்டரசு அக்காலக் கடன் தீர்வுகளுக்கென்றே தனிச்சட்டம் செய்ய நேர்ந்ததிலிருந்து அக்குழப்பத்தின் பரிமாணத்தை ஊகிக்கலாம்.

என் வாதத்தைச் சோதிப்பதற்குரிய ஆதாரம் நீதிமன்றத் தீர்ப்புகளில் இல்லை, ஏனெனில் முறிந்த உறவுகளே அங்கே பதிவாகின்றன. அது புதுக்கோட்டை மாவட்டத்து நகரத்தார் இல்லங்களில் எஞ்சியுள்ள பேரேடுகளில் இருக்கிறது. ஒரே சீனப் பெயரின்கீழ் ஒரு கடன் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டது, எத்தனை மேலாட்களின் கையெழுத்தைக் கண்டது, எவ்வளவு பொறுத்தபின் நிலம் எழுதி வாங்கப்பட்டது என்பதை வரிசைப்படுத்திக் கணக்கிடுவதே அடுத்து நடைபெறவேண்டிய ஆராய்ச்சி.