ஆங்கிலத்தின் அருஞ்சொற்களும் இலத்தீன் வேர்களும்

ஆங்கிலத்தில் பல்லுக்கு 'டூத்' என்று பெயர். பல் மருத்துவர் 'டென்டிஸ்ட்' எனப்படுகிறார். பல் என்ற சொல்லை அறிந்த தமிழ்க் குழந்தைக்குப் பல் மருத்துவர் யார் என்று தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலக் குழந்தையின் நிலை வேறு. அது 'டூத்', 'டென்டிஸ்ட்' ஆகிய இரண்டையும் தனித்தனியாகக் கற்க வேண்டும். ஞாயிறு 'சன்', அதைச் சார்ந்தது 'சோலார்'; நிலவு 'மூன்', அதைச் சார்ந்தது 'லூனார்'; கண் 'ஐ', அதைச் சார்ந்தது 'ஆக்குலர்'. வீட்டில் புழங்கும் பெயர் பழைய ஜெர்மானிய மரபிலிருந்தும், அதையொட்டிய படிப்புச் சொல் இலத்தீனிலிருந்தும் வருவது ஆங்கிலத்தின் இயல்பாகவே ஆகிவிட்டது. இலத்தீன் வேர்ச்சொற்களைக் கற்று ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கும் முறை இந்த இடைவெளியைத் தாண்டும் முயற்சியாக வளர்ந்தது.

இலத்தீன் வந்த வழிகள்

ஆங்கிலேயரின் முன்னோர் பிரித்தானியாவில் குடியேறும் முன்பே உரோமானியரிடமிருந்து சில சொற்களைப் பெற்றிருந்தனர். 'வைன்', 'சீஸ்', 'ஸ்ட்ரீட்', 'வால்' ஆகியவை அவ்வாறு வந்தவை. 597-ஆம் ஆண்டு அகஸ்டின் தலைமையில் கிறித்தவத் துறவிகள் கென்ட் பகுதிக்கு வந்த பின் சமயச் சொற்கள் சேர்ந்தன. 'கேண்டில்', 'மாஸ்' போன்றவை இன்று யாருக்கும் அயற்சொல்லாகத் தோன்றுவதில்லை.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அவர்கள் பேசிய பிரெஞ்சு இலத்தீனின் வழிமொழி. அரசவை, நீதிமன்றம், படை, சமையலறை எனப் பல இடங்களில் பிரெஞ்சுச் சொற்கள் நுழைந்தன. மாடு தொழுவத்தில் 'கவ்' ஆகவே இருந்தது. உணவுத்தட்டில் 'பீஃப்' ஆயிற்று. அரசனுக்குரியது என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் இருப்பதும் இந்த அடுக்குகளால்தான். 'கிங்லி' நாட்டுச் சொல், 'ராயல்' பிரெஞ்சு வழியே வந்தது, 'ரீகல்' நேராக இலத்தீனிலிருந்து எடுக்கப்பட்டது.

இவையெல்லாம் மக்கள் கலப்பால் நேர்ந்தவை. 16-ஆம் நூற்றாண்டில் நடந்ததோ பெரிதும் அறிஞர்கள் தெரிந்தே செய்த இறக்குமதி.

மைக்கொம்புச் சொற்கள்

மறுமலர்ச்சிக் காலத்தில் மருத்துவம், சட்டம், மெய்யியல் ஆகிய துறை நூல்களை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டவர்களுக்குச் சொல் போதவில்லை. 1531-இல் வெளிவந்த தம் நூலில் தாமசு எலியட் இலத்தீன் சொற்களை வேண்டுமென்றே புகுத்தினார். 'மெச்சூரிட்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது, பழம் பழுப்பதை எடுத்துக்காட்டி, செயலிலும் அத்தகைய பக்குவம் உண்டு என்று விளக்கமும் தந்தார். இன்று பள்ளி மாணவரும் பயன்படுத்தும் அச்சொல்லுக்கு அன்று உரை தேவைப்பட்டது.

எதிர்ப்பும் எழுந்தது. எழுதுவோர் மையைக் கொம்பில் ஊற்றி வைத்திருந்த காலம் அது. எனவே படித்தவர் பகட்டுக்காகப் பயன்படுத்திய சொற்களுக்கு 'மைக்கொம்புச் சொற்கள்' என்று பொருள்படும் கேலிப்பெயர் வந்தது. தாமசு வில்சன் 1553-இல் வெளியிட்ட சொற்கலை நூலில், இலத்தீன் சொற்களை அள்ளிக் கொட்டிய ஒரு போலிக் கடிதத்தையே எழுதிச் சேர்த்து நகையாடினார். ஜான் சீக் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனுக்கு 'ஹண்ட்ரடர்' என்றும், மதி பிறழ்ந்தவனுக்கு 'மூண்ட்' என்றும் நாட்டு வேரிலிருந்தே சொற்களை ஆக்கினார். இவர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் என்பது கவனிக்கத்தக்கது. செம்மொழிகள் தெரியாததால் எழுந்த வெறுப்பு அன்று. 1573-இல் ரால்ப் லீவர் தருக்கத்துக்கு 'விட்கிராஃப்ட்' என்றும், முடிவுரைக்கு 'எண்ட்சே' என்றும் பெயரிட்டார். கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கும் இச்சொற்கள் நிலைக்கவில்லை.

எதிர்த்தவர் தோற்றனர் என்றாலும் இலத்தீன் சொற்கள் அனைத்தும் பிழைத்துவிடவில்லை. தடுத்தல் என்னும் பொருளுள்ள 'இம்பீட்' நின்றது. விரைந்து முடித்தலைக் குறித்த அதன் இணை 'எக்ஸ்பீட்' வழக்கொழிந்தது. இதற்கு விதி ஏதும் சொல்ல முடியாது.

பள்ளிக்கு வெளியே இருந்தவர்கள்

இப்பூசலில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் அதில் பங்கேற்கவே இல்லை. இலத்தீன் கற்பித்த இலக்கணப் பள்ளிகள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு உரியவை. பெண்களும், கடைக்காரரும், கைத்தொழிலாளரும் தம் தாய்மொழியில் அச்சான நூலிலேயே பொருள் புரியாத சொற்களைக் கண்டனர். தேவாலயத்தில் கேட்ட மறையுரையும் அவர்களுக்கு முழுதாக விளங்கவில்லை.

இராபர்ட் காட்ரி என்ற ஆசிரியர் 1604-இல் வெளியிட்ட 'அகரவரிசை அட்டவணை' இவர்களுக்காகவே எழுதப்பட்டது. சீர்திருத்தக் கொள்கைச் சார்பினால் சமயப் பணியை இழந்தவர் இவர். பெருமாட்டிகளுக்கும் கல்வித்தேர்ச்சி இல்லாத பிறருக்கும் இந்நூல் உதவும் என்று தலைப்புப் பக்கத்திலேயே குறித்தார். ஏறத்தாழ 2,500 சொற்கள் கொண்ட இதுவே ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது நம் பாடநூல்களின் பின்னால் வரும் அருஞ்சொற்பொருள் பட்டியல் போன்றதே. 'டூத்' போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. அகரவரிசையை மனப்பாடம் செய்துகொண்டால்தான் சொல்லைத் தேட முடியும் என்று முன்னுரையில் அவர் விளக்க வேண்டியிருந்தது. முதற்பதிப்பின் எஞ்சிய ஒரே படி ஆக்சுபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது.

காட்ரி பொருள் மட்டும் தந்தார். 1656-இல் தாமசு பிளவுண்ட் தம் அகராதியில் சொற்பிறப்பையும் சேர்த்தார். 1721-இல் வந்த நதானியேல் பெய்லியின் அகராதி, சொற்பிறப்பைத் தலைப்பிலேயே ஏந்தி, அன்றாடச் சொற்களையும் உள்ளடக்கியது. இலத்தீன் பள்ளியில் மட்டும் கிடைத்த அறிவு இவ்வாறு அகராதி வழியே வெளியே வந்தது.

வேர் இயங்கும் விதம்

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்க்கு இம்முறை எளிதில் பிடிபடும். இலத்தீனில் 'போர்டாரே' என்பது சுமத்தல். அதன் பகுதியாகிய 'போர்ட்' முன்னொட்டுகளோடு சேர்கிறது. 'எக்ஸ்' வெளியே, எனவே 'எக்ஸ்போர்ட்' ஏற்றுமதி. 'டிரான்ஸ்' குறுக்கே கடந்து, எனவே 'டிரான்ஸ்போர்ட்' போக்குவரத்து. 'ரீ' திரும்ப, எனவே 'ரிப்போர்ட்' செய்தியைத் திருப்பிக் கொண்டுவருதல். இரயில் நிலையத்துப் போர்ட்டரும் இக்குடும்பத்தவரே.

புணர்ச்சியும் உண்டு. எதிர்மறை காட்டும் 'இன்' என்பது 'பாசிபிள்' முன் 'இம்' ஆகவும், 'லீகல்' முன் 'இல்' ஆகவும், 'ரெகுலர்' முன் 'இர்' ஆகவும் திரிகிறது. பகுதியும் திரியும். அனுப்புதலைக் குறிக்கும் 'மிட்டரே' என்ற வினைக்கு 'மிட்', 'மிஸ்' என இரு வடிவங்கள் இருந்தன. அதனால்தான் 'அட்மிட்' பெயராகும்போது 'அட்மிஷன்' ஆகிறது. இத்திரிபுகளை அறியாமல் வேர்ப்பட்டியலை மட்டும் உருப்போடுபவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார்.

வேறு பொறிகளும் உள்ளன. 'பாஸ்போர்ட்' என்பதிலுள்ள 'போர்ட்' சுமப்பதைக் குறிப்பதன்று, அது துறைமுகம். 'பெடல்' என்பதிலுள்ள 'பெட்' இலத்தீனில் பாதம். குழந்தை மருத்துவரைக் குறிக்கும் 'பீடியாட்ரீஷியன்' கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வேர் சரியாக இருந்தும் பொருள் நகர்ந்துவிடுவதும் உண்டு. 'மேனுஃபாக்சர்' என்பது கையால் செய்தல். இன்று அது இயந்திர உற்பத்தியைக் குறிக்கிறது. 'டாக்டர்' என்பவர் முதலில் கற்பிப்பவர். 'டிசம்பர்' என்றால் பத்தாவது. மார்ச்சில் தொடங்கிய பழைய உரோம நாட்காட்டியின் எச்சம் அது. வேர், பொருளை ஊகிக்க உதவும். ஊகத்தை அகராதியில் சரிபார்த்தாக வேண்டும்.

பதினான்கு சொற்கள்

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரௌன் 1940-களில் இம்முறையை எண்ணிக்கைக்குள் அடக்கினார். அவர் தேர்ந்தெடுத்த 14 சொற்களில் 20 முன்னொட்டுகளும் 14 வேர்களும் அடங்கும். இவை மேசை அகராதியில் 14,000-க்கும் மேற்பட்ட சொற்களிலும், பேரகராதியில் ஏறத்தாழ 1,00,000 சொற்களிலும் காணப்படுவதாக அவர் கணக்கிட்டார். அத்தனை சொற்களுக்கும் பொருள் தெரிந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. பல விளம்பரங்கள் அப்படித்தான் கூறிக்கொண்டன. அவருடைய வேர்களுள் இரண்டு மட்டும் கிரேக்கம், மற்றவை இலத்தீன்.

தடையோ முற்றிலும் நீங்கவில்லை. இலத்தீன், கிரேக்கச் சொற்கள் பள்ளிக் கல்வியில் வெவ்வேறு சமூகப் பின்னணி கொண்ட பிள்ளைகளுக்கிடையே சுவராக நிற்பதாக டேவிட் கார்சன் 1985-இல் வெளியிட்ட 'சொல் தடை' என்ற ஆய்வு நூலில் வாதிட்டார். காட்ரிக்குப் பின் 380 ஆண்டுகள் கழிந்திருந்தன.

1949-இல் வெளிவந்த நார்மன் லூயிசின் 'வேர்ட் பவர் மேட் ஈசி' இந்தியாவில் போட்டித் தேர்வுக்குப் படிப்போரிடையே இன்றும் புழங்குகிறது. அது சொற்களை அகரவரிசையில் அடுக்குவதில்லை. மனித இயல்புகள், மருத்துவர் வகைகள் என ஒரு கருத்தைச் சுற்றிச் சொற்களைக் கூட்டி, ஒவ்வொன்றின் வேரையும் பிரித்துக் காட்டி, உடனே பயிற்சி வினாக்களையும் தருகிறது. இலத்தீன் வகுப்பு என்று ஒன்று இருந்ததையே அறியாத மாணவர் 'ஈகோ' என்பது இலத்தீனில் 'நான்' என்ற பொருளுடையது என்பதை அதன் தொடக்க இயலிலேயே கற்றுக்கொள்கிறார்.