தலைகீழ் வகுப்பறைக்கான விளையாட்டுவழிக் கணிதப் பாடங்கள்

தலைகீழ் வகுப்பறையில் மாணவர் ஆசிரியரின் விளக்கத்தை வீட்டிலேயே காணொளியாகவோ இணையப் பாடமாகவோ பார்த்துவிட்டு வருவார். கணக்குப் போடுவதும் ஐயம் தீர்ப்பதும் வகுப்பில் நடக்கும். வீட்டில் பார்க்கும் பகுதியை விளையாட்டாக அமைத்தால் அது இக்கட்டுரை பேசும் பாடமாகிறது. இத்தகைய பாடங்கள் உருவாகும் நகரங்களில் பெங்களூரு முக்கியமானது. அவை சோதனைக்கு உள்ளாகும் இடம், ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஆனேக்கல் வட்டத்தில் இருக்கும் சந்தாபுரா போன்ற ஊர்கள். ஒரு பக்கம் மென்பொருள் நிறுவனங்கள், மறுபக்கம் பொம்மசந்திரா தொழிற்பேட்டை, நடுவே பல மொழி பேசும் வாடகை வீடுகள். இந்த வீடுகளில் எடுபடாத பாடத்தை நல்ல பாடம் என்று சொல்ல முடியாது.

தோற்றம்

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர், 1990களிலேயே விரிவுரையைக் குறைத்து மாணவர்களை ஒருவரோடொருவர் விவாதிக்க வைத்தார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேதியியல் ஆசிரியர்களான ஜொனதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும் 2007இல், வகுப்புக்கு வர முடியாத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினர். அவர்களுடைய 2012ஆம் ஆண்டு நூலுக்குப் பின் இம்முறை உலகெங்கும் பரவியது.

ஆட்டத்தின் விதியே கணிதமாதல்

கணித விளையாட்டு என்று சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை வினாத்தாளுக்கு வண்ணம் பூசியவைதான். சரியான விடைக்கு நட்சத்திரம், அடுத்த நிலைக்குப் போகக் கைதட்டல் என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எய்ன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது. ஒரே ஆட்டத்தை அவர்கள் இரண்டு வகையாகச் செய்தார்கள். ஒன்றில், மார்பில் எண் பொறித்த எலும்புக்கூடுகளை அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தால்தான் வீழ்த்த முடியும். மற்றொன்றில் சண்டை தனியாகவும் வகுத்தல் வினாக்கள் தனியாகவும் இருந்தன. கணக்கு ஆட்டத்துக்குள்ளேயே இருந்த வகையில் குழந்தைகள் கூடுதலாகக் கற்றார்கள். விருப்பப்படி விளையாட விட்டபோது அதில் ஏழு மடங்கு அதிக நேரம் செலவிட்டார்கள்.

இதை நம் பாடத்திட்டத்துக்குக் கொண்டுவருவது கடினமல்ல. பின்னக் கூட்டலில் 1/3, 1/4 இரண்டையும் கூட்டி 2/7 என்று எழுதுவது ஆசிரியர்கள் நாள்தோறும் பார்க்கும் பிழை. ஒரு தவளை எண்கோட்டில் முதலில் 1/3 தாண்டுகிறது, பிறகு 1/4 தாண்டுகிறது. எங்கே இறங்கும் என்று மாணவர் கொடி நட வேண்டும். 2/7இல் கொடி நட்டவர், அது 1/3க்கும் பின்னால் நிற்பதைக் காண்கிறார். முன்னே தாண்டிய தவளை எப்படிப் பின்னால் வந்தது? சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் தவறு என்று சொல்லும் பாடத்தால் இந்தக் கேள்வியை எழுப்ப முடியாது. டெஸ்மோஸ் என்ற இணையக் கணிதத் தளத்தின் புகழ்பெற்ற பாடம் ஒன்றும் இதே வழியில் நடக்கிறது. பீரங்கியிலிருந்து பாயும் மனிதனின் உயரத்தை மாணவர் வரைபடமாக வரைந்தால், அந்த வரைபடத்தின்படியே ஒரு மனிதன் திரையில் பறந்துகாட்டுவான். பிழை என்ன செய்கிறது என்பது கண்முன் தெரிகிறது.

ஆட்டத்தோடு வரும் காணொளியும் சுருக்கமாக இருக்க வேண்டும். பிலிப் குவோவும் சகாக்களும் எடெக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் எழுதிய கட்டுரையில், ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளே அதிக ஈடுபாட்டோடு பார்க்கப்பட்டதாகக் கண்டனர். பின்னம் போன்ற பாடத்தில் நொடிக் கடிகாரமும் தரவரிசைப் பட்டியலும் வேண்டாம். மெதுவாக யோசிக்கும் பிள்ளையை அவை விரட்டிவிடும்.

தலைகீழ் வகுப்பறையில் ஆட்டத்தின் தலையாய பயன் மறுநாள் காலையில்தான் தெரியும். எத்தனை பேர் எந்தப் பிழையைச் செய்தார்கள் என்ற பதிவு ஆசிரியர் கைக்கு வந்தால், 2/7 எழுதியவர்களையும் 7/12 எழுதியவர்களையும் ஒரே குழுவில் உட்காரவைத்துப் பேசவிடலாம். மதிப்பெண்ணை மட்டும் அனுப்பும் செயலியால் இதைச் செய்ய முடியாது.

பெங்களூருவின் பங்கு

வினாடி வினாத் தளமான குவிஸிஸ், அங்கித் குப்தா, தீபக் ஜாய் சீனத் ஆகிய இருவரால் 2015இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டது. 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியது. ஒவ்வொரு மாணவரும் தன் வேகத்தில் விடையளிக்க முடிவது இதன் சிறப்பு. 2000இல் இந்நகரில் தொடங்கிய அக்ஷரா அறக்கட்டளை, கர்நாடக அரசுடன் சேர்ந்து ‘கணித கலிகா ஆந்தோலனா’ திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளின் 4, 5ஆம் வகுப்புகளுக்குக் கணிதப் பெட்டிகளைக் கொண்டுசென்றது. அதன் ‘பில்டிங் பிளாக்ஸ்’ செயலி இலவசமானது. கன்னடம் உட்படப் பல இந்திய மொழிகளில் கிடைக்கிறது. எளிய ஸ்மார்ட்போனிலும் ஓடும். ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பு, வடிவியல் வரையும் ஜியோஜீப்ரா போன்ற கட்டற்ற மென்பொருள்களை அரசுப் பள்ளி ஆசிரியர்களே கையாளப் பயிற்சி தந்தது. ஆனேக்கல் வட்டத்திலேயே, சர்ஜாபுரா அருகே, அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. பள்ளிக் கணித ஆசிரியர்களுக்காக அது வெளியிட்டுவரும் ‘அட் ரைட் ஆங்கிள்ஸ்’ இதழ் பாடம் வடிவமைப்போருக்கு நல்ல சுரங்கம்.

கைபேசி யாரிடம்?

வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதும் பிள்ளையின் கையில் அது இருப்பதும் வேறுவேறு. 2021ஆம் ஆண்டின் அசெர் என்ற கிராமப்புறக் கல்வி ஆய்வில், 67.6 விழுக்காட்டுப் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதைத் தொடவே வாய்ப்பில்லை. சந்தாபுராவின் தொழிலாளர் குடும்பங்களிலும் ஷிப்டுக்குப் போனவரோடு கைபேசியும் போய்விடும். எனவே பாடம் இணையமின்றி இயங்க வேண்டும், பத்து நிமிடத்தில் முடிய வேண்டும், அண்ணனும் தங்கையும் ஒரே கருவியில் தனித்தனிக் கணக்கில் ஆட இடமிருக்க வேண்டும். அதுவும் முடியாத வீடுகளின் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் ஒரு மூலையில் நான்கைந்து கருவிகளை வைத்து, குழுக்கள் முறைவைத்து ஆடலாம். வகுப்புக்குள்ளேயே தலைகீழாக்கும் இந்த ஏற்பாட்டில் எந்தப் பிள்ளையும் விடுபடாது.

இப்பகுதியில் பாடம் தயாரிக்க முன்வரும் ஆசிரியர்கள் ஒரு பருவம் முழுவதையும் இணையத்தில் ஏற்ற முயல வேண்டாம். தம் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழும் ஒரே ஒரு பிழையை எடுத்து, அதற்கு ஓர் ஆட்டம் செய்யட்டும். திரையில் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் இருக்கட்டும்.