ஒப்பாரிக் கோச்சிக்குப் பிறகு வந்த கடிதங்கள்

பழைய சாமான் கடைகளில் கிடக்கும் கடிதங்களையும் போட்டோக்களையும் தேடி எடுத்து, அவை எந்தக் குடும்பத்துடையதோ அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுப்பதைச் சிலர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். முத்திரை சேர்ப்பது மாதிரி இதுவும் ஒரு பைத்தியம்தான். என்ன, முத்திரை சேர்ப்பவர் வைத்துக்கொள்ளத் தேடுகிறார், இவர்கள் கொடுத்துவிடத் தேடுகிறார்கள். கண்டியில் இருந்துகொண்டு நாங்களும் இதைச் செய்தால் என்ன என்று எங்களுக்குள் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு. பேசப் பேச, அது மலையக வரலாற்றுக்குள்தான் இழுத்துக்கொண்டு போனது.

வெளிநாடுகளில் இது பெரிய அளவிலும் நடக்கிறது. ஜெர்மனியில் ஆரோல்சன் ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. நாஜி வதைமுகாம்களில் கைதிகளிடமிருந்து பறித்த கடிகாரம், மோதிரம், போட்டோ, கடிதம் எல்லாவற்றையும் 2016 முதல் ஒரு இயக்கமாகவே குடும்பங்களைத் தேடிக் கொடுத்து வருகிறார்கள். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, சேற்றில் கிடந்த போட்டோக்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவிக் காயவைத்து உரியவர்களிடம் சேர்த்தார்கள். ஆரோல்சனில் பொருட்கள் உறைகளில் பெயரோடு இருந்தன. அதனால் தேட ஒரு நுனி இருந்தது. நம்ம சனத்தின் கடிதங்களுக்கு அந்த நுனியே சிக்கல்.

ஏன் என்று பார்ப்போம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த வருசம் வந்த சட்டம், இந்தியாவிலிருந்து வந்தவர்களும் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. ஆனால் கலியாணம் கட்டியவர் 7 வருசமும், கட்டாதவர் 10 வருசமும் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத ஒரு ஆள் எதைக் காட்டுவது? அன்றிலிருந்து மலையகத்து வீடுகளில் கடதாசி என்றால் ஒரு பயம், ஒரு பக்தி. ட்ரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கும் துண்டுகளை அப்பாயிமார் இன்றைக்கும் யாரையும் தொடவிடுவதில்லை. காரணம் இதுதான்.

பிறகு 1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனது.

இதில் கண்டிக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்தியத் துணைத் தூதரகம் இங்கேதான். விண்ணப்பத்துக்கும் பாஸ்போட்டுக்கும் படம் வேண்டும் என்பதற்காக டவுனுக்கு வந்து ஸ்டூடியோவில் விறைத்து நின்ற குடும்பங்கள் எத்தனையோ. நிறைய வீடுகளில் பெரியவர்களின் ஒரே போட்டோ அதுதான். பிறகு கோச்சி ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். ஸ்டேசனில் எழுந்த அழுகைக்காகச் சனம் அந்த ரயிலுக்கு வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அதே பெயரில் மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் இருக்கிறது. யுத்தம் வந்து, 1984-இல் கப்பலும் நின்றது.

அதற்குப் பிறகு இரண்டு பக்கத்தையும் கட்டிவைத்தது கடிதம்தான். ஆனால் லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்துப் பெயர், டிவிசன், ஆளின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறிப் போகும். ஒரே டிவிசனில் நாலு முத்தையா, மூணு லெட்சுமி இருந்தால் யாருக்குப் போகும்? இதற்கிடையில் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள். கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் பல துண்டுதுண்டாகி, சனம் வெளியேறவேண்டி வந்தது. 1977, 1983 கலவரங்களில் இன்னும் பலர் வவுனியா, கிளிநொச்சி என்று போனார்கள். கடிதம் வந்து சேரும்போது லயமே காலி. ஆக, இந்தக் கடிதங்களை யாரும் கவனமில்லாமல் தொலைக்கவில்லை. விலாசம் தராத ஒரு அமைப்புதான் அவற்றைத் தொலைத்தது.

அப்படியென்றால் தேடவே முடியாதா? முடியும், வழி கொஞ்சம் சுற்று. போட்டோவின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். கடித உறையில் தபால் முத்திரை இருக்கும். தோட்டங்களுக்கு இரண்டு பெயர். கணக்கில் ஒரு இங்கிலீஸ் பெயர், சனத்தின் வாயில் ஒரு தமிழ்ப் பெயர். பழைய ஃபெர்குசன் டிரெக்டரியில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அதற்கு மேல் கடதாசி உதவாது, ஆட்கள்தான் வேண்டும். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து கூடப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அன்றைக்கு ஒரு கிழவியிடம் படத்தைக் காட்டினால் போதும், மூன்று தலைமுறையும் வந்துவிடும். அந்தப் பக்கம் கூடலூர், கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் தமிழ்நாட்டு அரசு தேயிலைத் திட்டம் தொடங்கிய நீலகிரியில் இன்றைக்கும் அவர்களைச் சிலோன்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது வேறு ஒரு இடத்தில். சிலர், “பேஸ்புக்கில் போட்டால் ஒரே நாளில் ஆள் கிடைக்கும்” என்றார்கள். கிடைக்கலாம். ஆனால் ஒரு கடிதத்தில் கடன் இருக்கும், ஓடிப்போன கலியாணம் இருக்கும், யாருக்கும் சொல்லாத ஒரு பிள்ளை இருக்கும். எழுதியவர் நமக்கு எழுதவில்லை. அதனால் உறையையும், தேடத் தேவையான வரிகளையும் மட்டும் படிப்பது, பெயரைப் பொதுவில் போடாமல் இருப்பது, குடும்பம் “வேணாம்” என்றால் அதோடு விடுவது என்று முடிவுக்கு வந்தோம்.

இன்னொரு கேள்வியும் வந்தது. வரலாறு படிக்கிற நாங்கள் இதை ஆவணமாகச் சேர்த்து வைக்கவேண்டாமா? கம்பளைப் பக்கத்தில் ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் காக்கிறது. இரண்டும் மிகத் தேவை. ஆனாலும் அசல் முதலில் வீட்டுக்குப் போகட்டும், குடும்பம் சம்மதித்தால் பிரதி ஆவணத்துக்கு வரட்டும். இதுவரை இந்தச் சனத்திடம் கடதாசியைக் கேட்டவர்கள்தான் அதிகம். கேட்டவர்கள் எல்லாம் எதையோ நிரூபிக்கச் சொன்னார்கள். மீதி நாடற்றவர்களுக்கான சட்டம் 2003-இல்தான் வந்தது. எதையும் நிரூபிக்கக் கேட்காமல், “இது உங்களுது, வச்சிக்கங்க” என்று ஒரு கடதாசியை நீட்டுவது அவர்களுக்குப் புதுசாக இருக்கும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். இந்த லீவுக்கு வீட்டுக்குப் போனால் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு படத்திலும் யார் யார் என்று அப்பாயியிடம், அம்மாயியிடம் கேட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பெயரோடு தோட்டத்தையும் டிவிசனையும் சேர்த்து எழுதுங்கள்.