பழைய வீடும் புதிய பிளக்கும்

சிராங்கூன் சாலைப் பகுதியின் மின்சார வரலாறு டிராம் வண்டியோடு தொடங்குகிறது. 1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தலைப்பட்டது. அதற்கு வேண்டிய மின்விசையை ஆக்கிய நிலையம், தேக்காவுக்கு அண்மையிலுள்ள மெக்கன்சி சாலையில் இருந்தது. நகராண்மைக் கழகம் டிராம் நிறுவனத்திடமிருந்தே மின்விசையை மொத்தமாக விலைக்கு வாங்கி, 1906இல் நகரத் தெருக்கள் சிலவற்றில் விளக்கேற்றியது. சென்னையைக் கண்டு வந்த தமிழருக்கு மின்சார டிராம் புதியதன்று. அங்கே அது 1895 முதலே ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் 1927இல் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் திறக்கப்பட்டபின் நகருக்குத் தனக்கெனப் பெரியதொரு மின்நிலையம் வாய்த்தது.

அந்நாளில் வீட்டு மின்சாரம் என்றால் விளக்கு என்பதே பொருள். விளக்குக்கு இரண்டு கம்பிகள் போதும். மின்னோட்டம் ஒன்றின் வழியே வரும், மற்றொன்றின் வழியே மீளும். ஆதலின் பழைய வீடுகளின் பிளக் துளைகளும் பெரும்பாலும் இரண்டேயாக இருந்தன. இரும்புப் பெட்டியும் கொதிகலனும் வீட்டினுள் புகுந்தபோதுதான் மூன்றாவது கம்பியின் தேவை தெரியலாயிற்று. உலோகத்தாலாகிய சாதனத்தின் உள்ளே கம்பி அறுந்து அதன் உடலைத் தொட்டுவிட்டால், மின்னோட்டம் நிலத்தை நாடும். அதற்கு எர்த் கம்பி என்னும் வழி இருந்தால் அவ்வழியே செல்லும். இல்லையேல் தொட்டவருடைய உடலே வழியாகும்.

இன்று சிங்கப்பூரில் வழங்கும் சதுரப் பின் பிளக்கின் பிறப்பிடம் பிரிட்டன். இரண்டாம் உலகப் போர் முடியுமுன்பே, போருக்குப்பின் கட்டப்போகும் வீடுகளின் மின்னமைப்பை ஆராய அந்நாட்டு மின்பொறியாளர் கழகம் 1942இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் இடம்பெற்ற பெண்மணி கரோலின் ஹாஸ்லெட் ஒருவரே. குழந்தை துளைக்குள் எதையேனும் நுழைத்தால் என்ன ஆகும் என்பது அக்குழுவினரின் கவலைகளுள் ஒன்று. எர்த் பின் மற்ற இரண்டினும் நீண்டிருக்கவேண்டும், அது உள்ளே சென்றால்தான் ஏனைய துளைகளின் மூடி விலகவேண்டும் என்னும் அமைப்பு அக்கவலையின் விளைவாகும். செம்பின் தட்டுப்பாடும் அவர்களை வேறு வழி தேடச் செய்தது. ஒரே வளையக் கம்பியில் பல பிளக்குகளை இணைத்து, ஒவ்வொரு பிளக்கினுள்ளும் தனித்தனிப் பியூஸ் வைக்கும் முறை அவ்வாறு தோன்றியதே. இதற்கான தரவரையறை 1947இல் வெளிவந்தது.

சிங்கப்பூர் அம்முறையைக் கைக்கொண்டது. உருண்டைப் பின் பிளக்கு, குளிர்சாதனம் போன்ற பெருஞ் சுமைகளுக்கென 15 ஆம்பியர் அளவில் மட்டும் தங்கிற்று. இந்தியாவோ பழைய பிரிட்டிஷ் உருண்டை முறையை விடவில்லை. ஆகவே சென்னையில் வாங்கிய மிக்சியோடு வந்திறங்கும் இல்லத்தரசிக்கு முதல் தடை பிளக்குதான். எர்த் துளையில் பேனா முனையை அழுத்தி மூடியை விலக்கி, ஒவ்வாத பின்னைச் செருகும் தந்திரத்தை அறியாத வீடு அருமை. குழந்தைக்கென்று செய்த காவலைப் பெரியவர்களே உடைக்கும் வேடிக்கை இது!

இனி, பியூஸ் இருக்கிறதே, அது காக்காதோ எனக் கேட்கலாம். பியூஸ் காப்பது கம்பியை, மனிதனை அன்று. பிளக்கிலுள்ள பியூஸின் அளவு 13 ஆம்பியர். மனித உயிருக்கு அதில் நானூறில் ஒரு பங்கே பேரிடராகலாம். இக்குறையை நீக்க வந்ததே ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. செல்லும் மின்னோட்டத்தையும் மீளும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாது ஒப்பிடுகிறது. வீடுகளுக்குரிய கருவி, வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்போ எட்டியவுடனோ, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

1985 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் கட்டப்படும் வீடுகளுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட வீடுகளை அவ்விதி தொடவில்லை. செய்த காலத்தில் முறைப்படி செய்த வேலையைப் பின்னாளைய விதி குற்றமாக்கலாகாது என்பது சட்ட மரபு. செலவும் ஒரு காரணமாதல் கூடும். ஆயினும் மின்சாரத்துக்கு மரபு தெரியாது. பழைய வீடுகளும் புதிய விதியின்கீழ் வந்தது 2023 ஜூலை 1 அன்று. இடைவெளி சரியாக 38 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து வீடு வாங்கும் காலம் அது. இணங்குவதற்கு 2025 ஜூலை 1 வரை தவணையும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய வீடுகளில் வாழும் குடிமக்களுக்கு உதவித்தொகையும் தரப்பட்டன. அவ்வுதவி நன்றே, முன்பே வந்திருப்பின் மிக நன்று.

லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை எண்ணும்போது இச்செய்தி இன்னும் கூர்மையாகிறது. அவ்வட்டாரம் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முகப்பின் சுதைவேலையும் சன்னற் கதவுகளும் காக்கப்படுதல் மகிழ்ச்சிக்குரியது. சுவருக்குள் ஓடும் கம்பியைக் கண்டு மகிழ்வார் இலர். அது எவ்வாண்டையது என்பதும் வாடகைக்கு இருப்பவருக்குத் தெரியாது. விதியை நிறைவேற்றும் கடமை வீட்டு உரிமையாளருடையது. இடரோடு இரவைக் கழிப்பவரோ குடியிருப்பவர்.

உடைந்த பிளக் பாயிண்டை மாற்றுவது கால் மணி நேர வேலையாகத் தோன்றும். இரண்டு துளை இருந்த இடத்தில் மூன்று துளைப் பலகையைப் பொருத்தியதும் வீடு புதுமை பெற்றதுபோல் காணும். உள்ளே எர்த் கம்பியே இல்லையெனில் அம்மூன்றாம் துளை வெறும் பொய்ச்சான்று. முன்பிருந்த நிலையினும் அது கேடானது. ஏனெனில் முன்பு ஐயமேனும் இருந்தது. நிறத்தாலும் ஒரு பொறி உண்டு. முன்னைய முறையில் சிவப்பு மின்னோட்டம் வரும் கம்பி, கறுப்பு மீளும் கம்பி. 2009இல் நிறமுறை மாறியபின் மீளும் கம்பிக்கு நீலம் வந்தது. மும்முனை இணைப்பில் கறுப்பு, மின்னோட்டம் வரும் கம்பிகளுள் ஒன்றாயிற்று. இரு காலத்துக் கம்பிகளும் கலந்த வீட்டில் நிறத்தை நம்பிக் கை வைப்பது தகாது. சுவரிலுள்ள மின்னமைப்பில் வேலை செய்ய உரிமம் பெற்ற மின்பணியாளரே வேண்டும் என்று மின்சாரச் சட்டம் வற்புறுத்துவது இதனாலேயே.

புதிதாகப் பொருத்திய ஆர்.சி.சி.பி.யையும் அப்படியே விட்டுவிடலாகாது. அதன் முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. திங்கள்தோறும் ஒருமுறை அதை அழுத்தவேண்டும். அழுத்தியவுடன் கருவி காக்கும் இணைப்புகள் யாவும் நின்றுவிட்டால் நன்று. நில்லாவிடில், அன்றே மின்பணியாளரை அழைத்தல் வேண்டும்.