சுவடியும் கொசுவும்: புதுச்சேரியின் இரண்டு ஆய்வு நிலையங்கள்

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து பெரிய வாய்க்காலைத் தாண்டி, ஊரைக் கடந்து, ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுப் பக்கம் போனால் இந்திரா நகரில் வி.சி.ஆர்.சி. வரும். நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் தொடங்கிய மையம் அது. முன்னதன் பெருமை ஓலைச்சுவடிகள். பின்னதன் வேலை கொசு. ஒரே ஊரில் இருந்தும் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசுவார் இல்லை. சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மொழி, சமயம், மருத்துவம், உயிரியல், சமூகவியல் என்று பல்கலைக்கழகங்கள் தனித்தனிக் கட்டடங்களில் பிரித்து வைத்திருக்கும் ஆய்வுகள் எங்கே உண்மையிலேயே பிரிகின்றன, எங்கே பழக்கத்தால் மட்டும் பிரிந்து நிற்கின்றன என்பதை இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கண்டுகொள்ளலாம்.

பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் 1954 நவம்பர் 1-இல் முடிந்தது. ஐந்து மாதத்துக்குள், 1955 மார்ச் 21-இல், ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அதை நிறுவிய ழான் ஃபிலியோசா ஒரு கண் மருத்துவர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே சமஸ்கிருதமும் தமிழும் திபெத்திய மொழியும் கற்றவர். பண்டைய இந்திய மருத்துவத்தின் கோட்பாட்டைப் பற்றி 1949-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர். சுவடி ஆய்வின் வாசலிலேயே ஒரு மருத்துவர் நிற்கிறார் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தொடங்கிய நிறுவனம் இந்தியவியலோடு நிற்காமல் தாவர ஆய்வையும் விரைவிலேயே சேர்த்துக்கொண்டது. கன்னியாகுமரிப் பகுதியின் தாவர வரைபடம் 1961-இல் வந்தது. கணபதி தணிகைமொனி அங்கே மகரந்தத் தூள்களின் பெரும் சேமிப்பை வளர்த்தார். 1986 செப்டம்பர் 5-இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் கொல்லப்பட்டார். சதுப்புநிலக் காடுகளின் மகரந்தம் பற்றிய அவருடைய நூல் அடுத்த ஆண்டு நிறுவன வெளியீடாக வந்தது. சமூக அறிவியல் பிரிவு பின்னால் சேர்ந்தது.

சுவடிகளுக்கு வருவோம். சைவக் கோயில்கள் எப்படிக் கட்டப்பட வேண்டும், பூசை எப்படி நடக்க வேண்டும், தீட்சை யாருக்கு எப்படி என்றெல்லாம் சொல்லும் ஆகமங்களில் பெரும்பகுதி ஐம்பதுகளில் அச்சேறாமல் கிடந்தது. அவை குருக்கள் வீட்டுப் பரணிலும் மடங்களிலும் ஓலையாக இருந்தன. ஓலைக்கு ஆயுள் குறைவு. சில தலைமுறைக்கு ஒரு முறை புதிய ஓலையில் எழுதிக்கொண்டே வந்தால்தான் நூல் வாழும். அச்சு வந்தபின் எழுதுகிற வழக்கம் நின்றது. நூல்கள் அச்சுக்கும் போகவில்லை, ஓலையிலும் புதுப்பிக்கப்படவில்லை. அந்த நேரத்தில்தான் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் என்.ஆர். பட்டும் அவரோடு இருந்த பண்டிதர்களும் தமிழ்நாடு முழுக்கத் தேடத் தொடங்கினார்கள். கிடைத்த இடத்தில் சுவடியையே பெற்றார்கள். கொடுக்க மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கிப் படி எடுத்தார்கள். இன்று அந்த நிறுவனத்தில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிக்கட்டுகள் இருக்கின்றன. துமாஸ் வீதியில் உள்ள தூரகிழக்கு பிரெஞ்சுப் பள்ளியின் சேகரிப்பையும் சேர்த்து சுமார் 11,000. பெரும்பாலும் கிரந்த எழுத்து. சைவ சித்தாந்தச் சுவடிகளின் உலகிலேயே பெரிய தொகுப்பு இது என்று 2005-இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

இனி மற்ற வாசல். யானைக்கால் நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலில் உடலின் உள்ளே, நுரையீரலின் நாளங்களில் தங்கியிருந்து, இரவில் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வருகின்றன. அவற்றை ஏந்திச் செல்லும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். அதனால் ரத்தம் எடுக்கிறவர்களும் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கிறது. விரல் நுனியில் குத்தி 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுக்கிறார்கள். தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்பிக் கையை நீட்டச் சொல்ல ஒரு தாய் சம்மதிக்க வேண்டும். பாட்டன் எழுதிய கட்டை முன்பின் தெரியாதவரிடம் அவிழ்த்துக் காட்ட ஒரு குருக்கள் சம்மதிக்க வேண்டும். இரண்டு ஆய்வுக்கும் முதல் பொருள் இந்தச் சம்மதம். ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

எடுத்து வந்தபின் படிக்க வேண்டும். இங்கேதான் இரண்டும் மிக நெருங்குகின்றன. தமிழ் எழுதிய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். எகர ஏகாரம், ஒகர ஓகாரம் பிரித்துக் காட்டப்படா. புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதைப் படிக்கிறவர் பொருளையும் யாப்பையும் வைத்து முடிவு செய்கிறார். ஆய்வக மேசையிலும் இதே புள்ளிப் பிரச்சினை உண்டு. நம் பக்கம் பரவலாக உள்ள உச்செரேரியா புழுக்குஞ்சின் வால் நுனியில் உட்கருப் புள்ளிகள் இருப்பதில்லை. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் இருந்த புரூகியா வகைக்கு வால் நுனியில் இரண்டு புள்ளிகள் உண்டு. அந்த இரண்டு புள்ளியை வைத்துத்தான் எந்தப் புழு என்பது தெரிகிறது. எந்தக் கொசுவைத் தேட வேண்டும், எந்தத் தண்ணீரில் தேட வேண்டும் என்பதும் அதிலிருந்து தெரிகிறது. ஒன்று சாக்கடையில் பெருகும் கொசு, மற்றொன்று ஆகாயத்தாமரை படர்ந்த குளத்துக் கொசு. இரண்டு மேசையிலும் பல ஆண்டுப் பழக்கம் இல்லாத கண்ணுக்கு எதுவும் தெரியாது. மனிதவியல் ஆய்வு கருத்தால் நடப்பது, அறிவியல் ஆய்வு கருவியால் நடப்பது என்று பொதுவாகப் பிரிப்பதை இதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை.

பிரிவது வேறோர் இடத்தில். பதிப்பாசிரியருக்குக் கிடைப்பதெல்லாம் எஞ்சியவை மட்டுமே. ஐந்து சுவடி கிடைத்தால் ஐந்துதான். ஆறாவது வேண்டும் என்று உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே அவர் பிழைகளையும் தூக்கி எறிவதில்லை. இரண்டு சுவடிகளில் ஒரே பிழை இருந்தால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று அறிய அந்தப் பிழையே சான்று. பாடபேதங்கள் அடிக்குறிப்பில் வரிசையாக நிற்கும். தன் முடிவை மறுப்பதற்கான ஆதாரத்தையும் அவரே வாசகர் கையில் கொடுத்துவிடுகிறார். கொசு ஆய்வாளரோ சூழ்நிலையை அமைக்க முடியும். தொண்ணூறுகளில் வி.சி.ஆர்.சி. ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 15 கிராமங்களை எடுத்து, ஐந்தில் டி.இ.சி. மாத்திரையும் ஐந்தில் ஐவர்மெக்டினும் ஐந்தில் மருந்தில்லா மாத்திரையும் கொடுத்து, எது எவ்வளவு குறைக்கிறது என்று பார்த்தார்கள். கடந்த காலத்தை ஆராய்பவருக்கு இப்படி ஒரு வசதி ஒருநாளும் வாய்க்காது. அவருடைய ஆய்வின் கண்டிப்பு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. கண்டிப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

கால அளவைப் பற்றி நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பட் பதிப்பித்த ரௌரவாகமத்தின் முதல் பகுதி 1961-இல் வந்தது, இரண்டாவது 1972-இல், மூன்றாவது 1988-இல். ஒரு நூலுக்கு இருபத்தேழு ஆண்டு. தி.வே. கோபாலையரின் தேவாரப் பதிப்பு எண்பதுகளில் இந்த நிறுவனத்திலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் அவருடைய ஆயுட்காலப் படிப்பு இருக்கிறது. இது மெதுவாக நடப்பது புரியக்கூடியதே. கொசு வேலைதான் அவசரமானது என்று தோன்றும். ஆனால் யானைக்கால் புழு மனித உடலில் பல ஆண்டு வாழ்கிறது. ஒரே ஆண்டில் கொசுவை அடக்கினால் பயன் ஒன்றும் தெரியாது. வி.சி.ஆர்.சி.யின் பி.கே. ராஜகோபாலன் தலைமையில் புதுச்சேரி நகரில் 1981 முதல் 1985 வரை நடந்த திட்டம் அதனால்தான் ஐந்தாண்டு நீண்டது. சாக்கடை, கழிவுத்தொட்டி, பாழுங்கிணறு ஒவ்வொன்றுக்கும் தனி வழி வகுத்து, மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தை இல்லாமல் ஆக்குவதே அதன் நோக்கம். வளர்ந்தவர்கள் உடலில் பழைய புழு இருக்கும். திட்டம் தொடங்கியபின் வளரும் சிறு குழந்தைகளின் ரத்தம்தான் சரியான சாட்சி. குழந்தைகள் வளரும்வரை காத்திருக்க வேண்டிய ஆய்வு இது. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணி இரண்டு நிறுவனங்களையும் ஒரே தராசில் நிறுக்கும் வழக்கம் இரண்டுக்கும் கேடு.

வெற்றியின் வடிவமும் வேறு. சுவடி ஆய்வு வென்றால் பொருள் நிலைக்கும். கொசு ஆய்வு வென்றால் பொருள் மறையும். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. அங்கே இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்த நோயின் பெயரே தெரியாமல் போகலாம்; அதுவே அங்கே உழைத்தவர்களுக்குக் கிடைத்த பரிசு.

ஆனாலும் காப்பது ஒருவர் வேலை, அழிப்பது மற்றவர் வேலை என்று கோடு போட்டுவிட முடியாது. சுவடிகளைக் காப்பவர் நாள்தோறும் பூச்சியோடு போராடுகிறார்; ஓலையைத் துடைத்து எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதே அதற்காகத்தான். கொசு மையமோ கொசுக்களை இனம்வாரியாகச் சேமித்து அருங்காட்சியகம் வைத்திருக்கிறது; கொசுப்புழுவைக் கொல்லும் பாசிலஸ் பாக்டீரியாவின் பி-17 என்ற வகையைப் பிரித்தெடுத்துப் பேணி, தயாரிப்பாளர்களுக்கு வழங்கியிருக்கிறது. டெங்குவைத் தடுக்க, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஏடிஸ் கொசுக்களை வளர்த்திருப்பதாக 2022-இல் அறிவித்தது. கொசுவை ஒழிக்கப் பிறந்த மையம் இன்று கொசுவை வளர்த்துப் பறக்கவிடும் யோசனையில் இருக்கிறது. கடலோரக் கிராமங்களில் மலேரியாக் கொசுவுக்கு இடம் தந்த பாசியை மக்களே அகற்றவும், அதிலிருந்து காகிதம் செய்யவும் வழி கண்டதும் இதே மையம்தான். யானைக்கால் வந்த விவசாயக் கூலியும் நெசவாளியும் எத்தனை நாள் கூலியை இழக்கிறார்கள் என்று கே.டி. ராமையாவும் அவருடன் இருந்தவர்களும் கணக்கிட்டார்கள். மருத்துவ ஆய்வு சமூக ஆய்வாக மாறிய இடம் அது. காய்ச்சல் வந்த நாளில் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது நுண்ணோக்கியில் தெரியாது.

கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியையும் இரண்டுக்கும் பொதுவாகக் கேட்க வேண்டும். ரத்தம் கொடுத்தவருக்கு, புழு இருந்தால் மாத்திரை கிடைத்தது. ஏற்கெனவே வீங்கிப்போன காலுக்கு அது போதாது. நாள்தோறும் கழுவித் துடைத்துப் புண் வராமல் காக்கும் பயிற்சியும் வேண்டும். சுவடி கொடுத்தவருக்கு, தன் வீட்டு நூல் செல்லரிக்காமல் இருக்கும் என்ற உறுதி கிடைத்தது. ஆனால் அச்சான ரௌரவாகமம் தேவநாகரியில் இருக்கிறது. ஃபிலியோசா அதற்கு எழுதிய அருமையான முன்னுரை பிரெஞ்சில் இருக்கிறது. ராமையா குழுவின் கூலிக் கணக்குகள் ஆங்கில மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. நிறுவனத்தின் படிகள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஆயினும் கிரந்தமும் சமஸ்கிருதமும் தெரிந்தவருக்கே அவை திறக்கும். ஆகமங்களின் முன்னுரைகளும் விரிவான சுருக்கங்களும் தமிழில் வர வேண்டும். 1981 முதல் 1985 வரை இந்த ஊர்ச் சாக்கடைகளில் இறங்கி வேலை செய்தவர்களின் கதை, எண்களோடும் வரைபடங்களோடும், இந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் தமிழில் வர வேண்டும். இரண்டுக்கும் ஆள்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். கிரந்தம் படிக்கவும் கொசுவின் செதிலைப் பார்த்து இனம் சொல்லவும் தெரிந்த மூத்தவர்கள் கைவசம் இருக்கும்போதே அந்த வேலை தொடங்க வேண்டும்.